இதழுக்கொரு பெயர்

நுழையும்முன்
குழந்தைக்கும் ஊருக்கும் கடைக்கும் பெயர் வைப்பதைப் போலவே இதழுக்கும் பெயர் வைக்கிறார்கள். ஆனால், இதழின் பெயருக்கு ஒரு தனிக்கடமை உண்டு. முன்பின் அறியாத ஒருவரைப் பார்த்து, 'இது உமக்காகத்தான்' என்று அது சொல்ல வேண்டும். வீட்டுத்தோட்டம் பற்றிய வட்டார இதழ் ஒன்றுக்குப் பெயர் தேடும்போது எழும் வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

கோயம்புத்தூரில் சிலர் கூடி, வீட்டுத்தோட்டத்திற்கென மாத இதழ் ஒன்று தொடங்க முனைவதாகக் கொள்வோம். கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய மாவட்டங்களில் வாழ்வோர் அதன் வாசகர்கள். வீட்டின் பின்புறத்தில் அவரைப்பந்தல் போட்டவர், மாடியில் பத்துத் தொட்டிகளில் கத்தரியும் தக்காளியும் வளர்ப்பவர், வாடகை வீட்டின் சன்னலோரம் துளசியோடு புதினாவும் வைத்திருப்பவர் என இவர்கள் பலவகைப்படுவர். இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். முதல் இதழுக்கான கட்டுரைகள் வந்துவிட்டன, படங்களும் வந்துவிட்டன. பெயர் மட்டும் அமையவில்லை.

இத்தகைய கூட்டத்தில் முதலில் எழக்கூடிய பெயர் 'தோட்டம்' என்பதே. எளிய சொல், பழகிய சொல், சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் அறிந்த சொல். இதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆராய இடமுண்டு. தமிழ்நாட்டில் நிலத்தைக் குறிக்கும் சொல் எதுவும் ஊருக்கு ஊர் ஒரே பொருளைத் தருவதில்லை.

ஒரு சொல்லும் பல நிலமும்

கொங்கு நாட்டில் தோட்டம் என்பது பூச்செடி வைக்கும் இடமன்று. கிணற்றுப் பாசனம் உள்ள விளைநிலமே அங்குத் தோட்டம் எனப்படும். மழையை நம்பிய புன்செய், காடு எனப்படும். அங்கு மரம் ஒன்றுகூட இல்லாமலிருக்கலாம். வாய்க்கால் நீர் பாயும் நிலம் வயல். நிலத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதை நிலத்தின் பெயரே சொல்லிவிடும். மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்திலிருந்து, மின்மோட்டார் வைத்த காலம் வரை இவ்வழக்கு மாறவில்லை. 'அவருக்குத் தோட்டம் இருக்கிறது' என்று கொங்கு நாட்டார் சொன்னால், அவருக்கு நிலமும் கிணறும் உரிமையாக இருக்கின்றன என்பது பொருள். அதே ஊரில் 'தோட்டத்துக்குப் போகிறேன்' என்று விடியலில் தூக்குப்போசியோடு கிளம்பும் பெண்ணுக்கோ அச்சொல் பிறர் நிலத்தில் செய்யும் கூலிவேலையைக் குறிக்கும்.

கோவை மாவட்டத்திலேயே, மலைமேல் உள்ள வால்பாறைக்குச் சென்றால் சொல்லின் பொருள் மீண்டும் மாறுகிறது. அங்குத் தோட்டம் என்பது தேயிலைத்தோட்டம். சமவெளியிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்ட மக்கள், குளிருக்கும் அட்டைக்கும் நோய்க்கும் இடையே உழைத்து உருவாக்கிய நிலம் அது. அத்தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய புதினம், இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் தமிழுக்கு வந்துள்ளது. அதைப் படித்தவருக்குத் தோட்டம் என்னும் சொல் பூவையும் காயையும் நினைவூட்டாது. ஆயினும், லைன் வீடுகளின் ஓரத்தில் கிடைத்த கையகல மண்ணில் பீன்சும் கீரையும் பயிரிடுவோர் அங்கும் உண்டு. இதழ் இவர்களையும் சென்றடைய வேண்டுமெனில், அவர்களுடைய பணியிடத்தின் பெயரையே அட்டையில் அச்சிட்டு அனுப்புவது பொருத்தமாகுமா?

தோட்டத்தை விடுத்துக் 'கொல்லை' என்று வைக்கலாமெனில் அதிலும் இடர் உண்டு. காவிரிப் படுகையில் கொல்லை என்பது வீட்டின் பின்புறத் தோட்டம். வாழையும் எலுமிச்சையும் கிணற்றடியும் சேர்ந்த குளிர்ச்சியான இடம் அது. வட மாவட்டங்களில் அதே சொல் ஊருக்கு வெளியே உள்ள புன்செய் நிலத்தைக் குறிக்கிறது. கழிவறைகள் இல்லாத காலத்தில் 'கொல்லைக்குப் போதல்' என்னும் இடக்கரடக்கலும் வழக்கில் நிலைத்துவிட்டது. அட்டையில் இச்சொல்லைப் பார்க்கும் பள்ளிச்சிறுவர் சிரிப்பதைத் தடுக்க இயலாது.

குமரி மாவட்டத்தில் 'விளை' என்பது தோட்டநிலத்தின் பெயர். நாகர்கோவிலை அடுத்த பெருவிளை, வட்டவிளை என்னும் ஊர்ப்பெயர்களிலும், திருச்செந்தூர்ப் பக்கத்து வெள்ளாளன்விளையிலும் அது நிலைபெற்றுள்ளது. கோவையில் இச்சொல்லைக் கேட்பவர், பொருளின் விலையைத் தவறாக எழுதிவிட்டார்கள் என்றே எண்ணக்கூடும். யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சூழ்ந்த மனை முழுவதும் வளவு எனப்படும். செட்டிநாட்டிலோ, வளவு என்பது வீட்டுக்குள்ளே இருக்கும் முற்றப்பகுதி. ஒரே சொல் ஓரிடத்தில் வீட்டுக்கு வெளியேயும் மற்றோரிடத்தில் வீட்டுக்கு உள்ளேயும் நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்
சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தவர் தொல்காப்பியர். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களில் வழங்கும் சொற்களைத் திசைச்சொல் என்றார். அவற்றையும் செய்யுளுக்கு உரிய சொற்களாகவே ஏற்றார்.

இலக்கியம் எடுத்துக்கொண்ட சொற்கள்

வழக்குச் சொற்கள் இவ்வாறு இடத்துக்கிடம் மாறுவதால், எல்லார்க்கும் பொதுவான இலக்கியச் சொல்லொன்றைத் தேர்வது நலமென்று சிலர் கருதலாம். தமிழில் அதற்குக் குறைவில்லை. கா, காவு, சோலை, பொழில், தண்டலை, படப்பை, துடவை, பொதும்பர் என்று சொற்கள் வரிசையாய் நிற்கின்றன. இவற்றுட் பல இன்றும் ஊர்ப்பெயர்களில் வாழ்கின்றன. திருவானைக்கா, திருநெல்லிக்கா என்பவற்றில் உள்ள 'கா' சோலையே. தென்காசிப் பக்கத்துப் பண்பொழியின் பழம்பெயர் பைம்பொழில். தாம்பரத்திலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையில் நாள்தோறும் பேருந்தில் செல்வோர் பலர், படப்பை என்பது தோட்டத்தைக் குறிக்கும் சங்கச்சொல் என்று அறியாமலேயே அவ்வூரைக் கடக்கின்றனர்.

தண்டலை என்னும் சொல்லின் அழகு தனியானது. தண்டலையில் குடியிருக்கும் உழவரின் விருந்தோம்பலைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கிறது. பலாப்பழம், இளநீர், வாழைப்பழம், நுங்கு ஆகியவற்றைப் பாணர் உண்பர். இனிப்பு தெவிட்டினால் சேப்பங்கிழங்கு உண்பர். ஒரு வீட்டுத்தோட்டம் தரக்கூடிய உணவுப்பட்டியல் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடன் அங்கு நிற்கிறது. எனினும், இன்றைய வாசகர் 'தண்டலை' என்று படித்தவுடன், அன்றாடம் வசூலிக்கும் கடனாகிய தண்டலோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தது என்றே கொள்வார். படப்பைக்கும் இதே நிலைதான். தென் மாவட்டத்தார்க்குப் படப்பு என்றால் வைக்கோற்போர்.

பழஞ்சொற்களில் எளியனவாக எஞ்சுபவை சோலை, பொழில் போன்ற சிலவே. அவற்றை எடுக்கச் சென்றால் வேறொரு செய்தி தெரியவருகிறது. தமிழில் செடிகொடிகளின் பெயர்களையும் தோட்டத்தின் பெயர்களையும் இலக்கிய இதழ்களும் பொது இதழ்களும் முன்பே எடுத்துக்கொண்டன. கரந்தைத் தமிழ்ச்சங்கம் 1925இல் தொடங்கிய இதழ் 'தமிழ்ப் பொழில்'. குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பா ஆசிரியராக இருந்த சிறுவர் இதழ்களுள் ஒன்று 'பூஞ்சோலை'. வீட்டின் முன்னிடத்தைக் குறிக்கும் 'முன்றில்' என்னும் சொல், மா.அரங்கநாதன் நடத்திய சிற்றிதழின் பெயராயிற்று. 1947இல் தோன்றிய 'குமுதம்' ஆம்பலின் பெயர். 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கியது 'மல்லிகை'. 'தாமரை', 'செம்மலர்' ஆகியவையும் உண்டு. இவ்விதழ்களை வாங்கியவர் எவரும் மல்லிகைக்கு எரு வைக்கும் முறையையோ, தாமரைக்கிழங்கு நடும் பருவத்தையோ அவற்றில் தேடியதில்லை. தோட்டத்தின் பெயர்கள் நெடுங்காலமாகக் கவிதைக்கும் கதைக்கும் பணிபுரிந்து வந்துள்ளன. தோட்டத்துக்காரர் வந்து கேட்கும்போது அவை ஓய்வாக இல்லை.

மாறாக, வேளாண்மைக்கென எழுந்த இதழ்கள் பெயரில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1868இல் சென்னைச் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியின் வழியாக வளர்ந்து, 1971இல் பல்கலைக்கழகமான கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிடும் இதழ் 'உழவரின் வளரும் வேளாண்மை'. பெயர் நீளமே, ஆயினும் யாருக்காக என்பதை முதற்சொல்லிலேயே கூறிவிடுகிறது. 2007இல் வந்த 'பசுமை விகடன்' முன்பே புகழ்பெற்றிருந்த குடும்பப்பெயருடன் ஒரு நிறத்தைச் சேர்த்துக்கொண்டது. நகைச்சுவையைக் குறிக்கும் விகடமும் வயலும் ஒன்றாக நிற்பதை இன்று எவரும் வியப்புடன் பார்ப்பதில்லை. பழக்கம் பெயரின் பொருளை மறக்கச்செய்யும் என்பதற்கு இதுவே சான்று.

தேய்ந்த சொற்கள்

அப்படியாயின் பசுமை என்னும் சொல்லையே ஏதேனும் ஒரு வகையில் பயன்படுத்தலாமே எனில், அச்சொல் அளவுக்கு மீறி உழைத்துவிட்டது. பசுமைப் புரட்சி, பசுமைக் கட்டடம் என்று சென்று, இன்று பட்டாசுக்கும் பசுமை என்னும் அடைமொழி வந்துவிட்டது. பூங்காவின் நிலையும் அதுவே. பூவுடைய கா என்று பிரித்துப் பொருள்கொள்ளும் அழகிய சொல் அது. இப்போதோ தொழிற்பூங்கா உண்டு, மென்பொருள் பூங்கா உண்டு. அவற்றில் ஒரு செடியும் இல்லாவிடினும் எவரும் குறை கூறுவதில்லை. நந்தவனம் கோயிலோடு பிணைந்த சொல். இறைவனுக்குரிய மலர்கள் மலரும் இடத்தில் சுரைக்காயையும் புடலையையும் கொண்டுபோய் நிறுத்துவது எளிதன்று. விதை, வேர், துளிர் முதலியன அழகியவையே. அமைப்புகளும் அறக்கட்டளைகளும் பள்ளிகளும் அவற்றை விட்டுவைக்கவில்லை.

'ஆடிப்பட்டம்' என்னும் பெயர் சற்று நின்று எண்ணத்தக்கது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் வழக்கத்தை அறியாத உழவர் இல்லை. நிலத்தைச் சொல்லாமல் காலத்தைச் சொல்வதால், வட்டார வேறுபாட்டிலும் அது சிக்குவதில்லை. ஆனால், சித்திரையிலும் மார்கழியிலும் வரவேண்டிய மாத இதழுக்கு ஒரே திங்களின் பெயர் சுமையாகிவிடும். தவிரவும், மாடியில் நிழல்வலை கட்டி ஆண்டு முழுவதும் கீரை அறுப்பவர் பட்டம் பார்ப்பதில்லை.

சட்டத்தின் வாயில்

பெயரொன்றை மனத்தில் முடிவுசெய்த மாத்திரத்தில் அது சொந்தமாகிவிடுவதில்லை. இந்தியாவில் பருவ இதழின் பெயரைப் பதிவுசெய்தல் கட்டாயம். 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நெடுங்காலம் இதனை ஆண்டு வந்தது. அதற்கு மாற்றாக 2023இல் இயற்றப்பட்ட பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வேறொருவர் வைத்திருக்கும் பெயரையோ, அதனை ஒத்த பெயரையோ அதே மொழியில் இந்தியாவின் எப்பகுதியிலும் வைத்தல் கூடாது. அதே மாநிலத்தில் வேறு மொழியிலும் வைத்தல் கூடாது. ஆகவே, இதழ் தொடங்குவோர் ஒரே பெயரில் மனத்தைப் பறிகொடுத்துவிடாமல், மாற்றுப் பெயர்களையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வது வழக்கம்.

இவ்விதி ஒரு தடை போலத் தோன்றினும், பெயர் தேடுவோருக்கு மறைமுகமாக ஓர் உதவியும் செய்கிறது. எல்லார் நாவிலும் உள்ள பொதுச்சொற்கள் பெரும்பாலும் முன்பே பதிவாகியிருக்கும். எனவே, தேடுவோர் தம் ஊருக்குள் திரும்பிப் பார்க்க வேண்டியவராகிறார்.

பாத்தியும் பொடக்காலியும்

அவ்வாறு திரும்பிப் பார்க்கையில் இரு சொற்கள் முன்னிற்கின்றன.

ஒன்று 'பாத்தி'. சிறிய சொல், சிறிய நிலம். கிணறு வேண்டா, ஏக்கர் கணக்கு வேண்டா. நான்கடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள மண்ணைக் கொத்தி, சுற்றிலும் கரை அணைத்தால் பாத்தியாகிவிடும். தமிழ்நாட்டின் எப்பகுதியிலும் விளங்கும். உடைமையின் பெருமிதம் அதில் இல்லை. வேலையின் மணம் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் விற்கும் இதழாக இருப்பின் இதனினும் நல்ல பெயர் கிடைப்பது அரிது.

மற்றொன்று 'பொடக்காலி'. கொங்கு வட்டாரத்தில் வீட்டின் பின்புறத்தைக் குறிக்கும் சொல் இது. புடக்காலி என்றும் சொல்வர். தண்ணீர்த்தொட்டியும் துவைகல்லும் இருக்கும் இடம் அது. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சிறு வாய்க்காலாக ஓடிச்சென்று வாழையடியில் தேங்கும். அதையொட்டிச் சேம்பு படர்ந்திருக்கும்; கருவேப்பிலைக் கன்றும் முருங்கையும் நிற்கும்; வேலியில் அவரையும் பீர்க்கும் ஏறும்; ஓரத்தில் கனகாம்பரம் பூத்திருக்கும். விலைக்கு வாங்கிய உரம் எதுவும் அங்குச் சென்றதில்லை. அடுப்புச் சாம்பலும் சாணமும் காய்கறித் தோலுமே உரம். விதைகளைச் சாம்பலில் புரட்டி எடுத்துவைத்து அடுத்த ஆண்டு நடுபவர் வீட்டின் மூதாட்டி. குடும்பத்தின் தோட்டத்துக் கணக்கில் இந்த நிலம் இடம்பெறுவதில்லை. பட்டாவில் அதற்கென ஒரு வரியும் இல்லை. ஆனால், அன்றாடக் குழம்புக்குக் காய் அங்கிருந்துதான் வருகிறது.

இப்பெயரை முன்மொழிந்தால் மறுப்புகள் எழுவது உறுதி. கழிவுநீர் ஓடும் இடத்தின் பெயரை அழகிய வண்ண அட்டையில் போடலாமா என்பது ஒன்று. நாகரிகமற்ற பேச்சுவழக்கு என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் மறுப்புக்கு விடை தமிழ் உரைநடையின் வரலாற்றிலேயே உள்ளது. ஆர்.சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' புதினத்தைக் கொங்குப் பேச்சோடு எழுதியபோது, ஒரு வட்டாரத்தின் நாவசைவு அச்சில் ஏறும் தகுதி உடையது என்பது நிலைநாட்டப்பட்டது. கி.ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தந்தார். பின்னர்ப் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். சொல்லகராதியில் ஏறத் தக்க சொல், இதழின் அட்டையில் ஏறத் தகாதது என்பது பொருந்தாது. முதல் மறுப்பைப் பொறுத்தவரை, பயன்படுத்திய நீரை மண்ணுக்குத் திருப்பித்தருவதே வீட்டுத்தோட்டத்தின் முதற்பாடம். அதை மறைக்க வேண்டிய தேவை இல்லை.

மூன்றாம் மறுப்பு இவற்றினும் வலிமை உடையது. இன்றைய கோவையில் பலருடைய வீட்டுக்குப் பின்புறமே இல்லை. அடுக்ககத்தின் ஐந்தாம் தளத்தில் பிறந்து வளரும் சிறுமிக்குப் பொடக்காலி என்பது பாட்டியின் ஊரில் மட்டும் கேட்கும் சொல். பிழைப்புக்காக வேறு மாவட்டங்களிலிருந்து வந்து திருப்பூரில் குடியேறியவருக்கு அச்சொல்லே புதிது. வட்டாரத்தாரை அன்போடு அழைக்கும் பெயர், வட்டாரத்தில் வாழ வந்தவரை வாயிலில் நிறுத்திவிடக்கூடும். 'தோட்டம்' நிலமில்லாதாரை வெளியே நிறுத்தியது எனில், 'பொடக்காலி' புதிதாய் வந்தவரை நிறுத்துகிறது. எவரையும் நிறுத்தாத பெயர் ஒன்று உண்டெனின் அது பாத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆயினும், வட்டார இதழ் என்று சொல்லிக்கொண்டு எவ்வட்டாரத்துக்கும் பொருந்தும் பெயரை வைப்பதில் ஒரு குறை உண்டு. வாசகர் அறியாத சொல்லை இதழே அவருக்குக் கற்பித்துவிடலாம். முதல் பக்கத்தில் நான்கு வரி போதும். திருப்பூருக்கு வந்தவர் தம் ஊரில் அதனைக் கொல்லை என்றோ, புறவாசல் என்றோ, விளை என்றோ எழுதியனுப்பினால், அதனையும் வெளியிட ஒரு பக்கம் ஒதுக்கலாம். இதற்கு மாறாக, ஒரு சொல் வழக்கிலிருந்து மறைந்துவிட்டால் அதனை மீட்பது எளிதன்று. தண்டலைக்கு நேர்ந்தது அதுவே.

ஆகவே, அட்டையில் 'பொடக்காலி' என்று பெரிய எழுத்திலும், அதன்கீழே 'கொங்கு நாட்டு வீட்டுத்தோட்ட மாத இதழ்' என்று சிறிய எழுத்திலும் அச்சிடுவதே தக்கது. பதிவு விண்ணப்பத்தில் இரண்டாம் விருப்பமாகப் 'பாத்தி' இருக்கலாம். ஐந்தாம் தளத்துச் சிறுமிக்காக முதல் இதழிலேயே ஒரு கட்டுரை வேண்டும். அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் ஒரு வாளியில் பிடித்துவைத்து, மாலையில் பால்கனித் தொட்டிகளுக்கு ஊற்றுவது எப்படி என்பதே அக்கட்டுரையின் பொருள். அதன் தலைப்பு 'ஐந்தாம் மாடியில் ஒரு பொடக்காலி' என்று இருக்கலாம்.

கற்பவை கற்றபின்...
1. வீட்டின் முன்புறம், பின்புறம், வீட்டை ஒட்டிய நிலம் ஆகியவற்றுக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க. ஒவ்வொரு பெயரும் குறிக்கும் நிலத்தில் இன்று என்ன இருக்கிறது என்பதையும் எழுதுக.
2. உங்கள் வட்டாரத்தில் தொடங்கப்படும் வீட்டுத்தோட்ட இதழுக்கு மூன்று பெயர்களை விருப்ப வரிசையில் எழுதி, ஒவ்வொரு பெயரும் யாரை அழைக்கிறது, யாரை விலக்குகிறது என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. 'பொடக்காலி', 'பாத்தி' ஆகிய பெயர்களுள் உங்கள் தேர்வு எது? இப்பாடத்தின் முடிவுக்கு உடன்பட்டோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.